கொல்லையறை

"நான் கண்ணை மூடுற வரைக்கும் அந்தச் சுவத்துல கடப்பாரை படக் கூடாது!"

இப்படி முழங்கியவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? சாத்திரத்தைக் கரைத்துக் குடித்த சனாதனியா? சகுனம் பார்த்துப் படியிறங்கும் சீமானா? இல்லை தோழர்களே, எழுபத்தெட்டு வயதான என் அப்பாயி! 1965 ஆம் ஆண்டில், புரோகிதர் இல்லாமல், புகை இல்லாமல், புரியாத மொழியில் ஒரு சொல்லும் ஒலிக்காமல், மாலை மாற்றி மணம் செய்துகொண்டவர். அப்படிப்பட்ட மணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1967-ல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது. முன்பு நடந்தவையும் செல்லும் என்று அந்தச் சட்டமே கூறிற்று. அதற்கு முந்தைய ஈராண்டும், சட்டத்தின் கண்ணுக்கு மனைவியாகாமலேயே தாத்தாவோடு குடித்தனம் நடத்தியவர் என் அப்பாயி. ஊர் என்ன சொல்லுமோ என்று உறக்கம் கெட்டவர் அல்லர். அத்தகையவர், ஆறடிக்கு எட்டடி அளவுள்ள ஓர் இருட்டறைக்காகக் கொல்லைப்புறத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கொத்தனாரைக் கிட்டே வரவிடாமல் விரட்டினார் என்றால், எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஏடு படித்தவன், மேடை கேட்டவன், வகுப்பறையில் நாள்தோறும் நாற்பது பிள்ளைகளுக்கு மாற்றத்தின் மாண்பை எடுத்துச் சொல்கிறவன் நான். என் வீட்டுக் கொல்லையில் ஒரு சுவரை என்னால் இடிக்க முடியவில்லை.

திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. வீடு 1958-ல் கட்டியது. தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே கூடம், கூடத்தை ஒட்டி இரண்டு அறைகள், அதற்கும் பின்னால் அடுக்களை, அடுக்களைக்குப் பின் கிணறும் துவைகல்லும் இரண்டு தென்னையும் நிற்கும் கொல்லை. தலைக்கு மேல் சீமை ஓடு. 'நம் பாட்டன் காலத்து ஓடு' என்று ஊரார் பெருமையோடு சொல்கிற அந்த ஓடு, 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. கூரையும் கீற்றும் வேய்ந்திருந்த காலத்தில் அதுவும் புதுமைதான். அதனால்தானே 'சீமை' என்ற அடைமொழி! எந்தப் பழைமையைச் சுரண்டினாலும் அடியில் ஒரு புதுமை கிடக்கிறது. அது இருக்கட்டும்.

நான் சொல்ல வந்தது கொல்லையின் மூலையில் நின்ற அறையைப் பற்றி. ஒரே கதவு. சன்னல் கிடையாது, சுவரின் உச்சியில் இரண்டு செங்கல்லை எடுத்துவிட்ட துளை ஒன்று உண்டு. வெளியார் கேட்டால் 'விறகறை' என்போம். ஆனால் விறகு மட்டும் அங்கே இருந்ததில்லை. மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்களும் இருந்தார்கள்.

என் தாத்தா நெல் அரவை ஆலையில் கணக்கர். தன்மானக்காரர். கூடத்துச் சுவரில் தலைவர்கள் படம், திண்ணையில் நாள்தோறும் செய்தித்தாள், வந்தவர் எவராயினும் சாதி கேட்காமல் கூடத்தில் இலை போடும் வழக்கம்: இவற்றையெல்லாம் நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். சொல்லத் தக்கவையே. ஆயினும் அந்தப் பெருமை கூடத்தோடு நின்றுவிட்டது. அடுக்களையைத் தாண்டிப் போகவில்லை. 'அது பொம்பளைங்க காரியம்' என்ற மூன்று சொற்களில், புரட்சிக்காரரான தாத்தா கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டார். 2009-ல் அவர் மறையும் வரை அந்தக் கதவை அவர் திறந்து பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

தாத்தாவைக் குறை கூறிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாகாது. 2018 ஆம் ஆண்டு ஆகத்தில் என் தங்கை பெரியவளானாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பதினொரு நாள் அந்தக் கொல்லையறையில் இருந்தாள். நான் திருச்சியில் கல்லூரி மாணவன், வரலாறு படித்துக்கொண்டிருந்தேன், விடுதியில் விடிய விடியப் பெண்ணுரிமை பேசுகிறவன். சடங்கிற்கு வந்தேன், வடை பாயசத்தோடு சாப்பிட்டேன், பந்தலில் நாற்காலி எடுத்துப் போட்டேன், மறுநாள் பேருந்து ஏறினேன். ஒரு சொல் கேட்கவில்லை. 'எப்படி இருக்கிறாய்?' என்றுகூட அந்தக் கதவருகில் போய்க் கேட்கவில்லை.

மூன்று மாதம் சென்றது. நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. எங்கள் வீட்டு ஓடுகள் பாதி பறந்தன. தென்னை மூன்றில் ஒன்று சாய்ந்தது. அதே இரவில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பூப்பெய்தினாள் என்பதற்காக வீட்டுக்கு வெளியே தனிக்குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னைமரம் குடிசை மேல் விழுந்து இறந்துபோனாள். செய்தித்தாளில் அதைப் படித்தபோது என் கை நடுங்கிற்று. எங்கள் தென்னை சாய்ந்த திசையில்தான் கொல்லையறை இருந்தது. புயல் மூன்று மாதம் முந்தியிருந்தால்? அல்லது என் தங்கை மூன்று மாதம் பிந்தியிருந்தால்?

அந்த அறையை இடிக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். முடிவு செய்ய ஒரு நொடி. காசு சேர்க்க ஆறாண்டு! ஆசிரியர் வேலையில் மூன்றாண்டுச் சேமிப்பும் ஒரு சீட்டுப் பணமுமாக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கையில் சேர்ந்தது. சென்ற கோடை விடுமுறையில் கொத்தனாரை அழைத்துத் திண்ணையில் உட்காரவைத்துத் திட்டம் போட்டேன். கூடத்தின் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெளிர்மஞ்சள் வண்ணம் அடிப்பது. சிவப்புத் தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் பளபளக்கும் தளக்கற்கள் பதிப்பது. ஒரு முழுச் சுவருக்கு நூலடுக்கு. வாசலுக்குப் புதுக் கதவு. கொல்லையறையை இடித்துத் தரைமட்டமாக்குவது. மிச்சம் ஏதும் இருந்தால் அடுக்களைக்கு ஒரு கைச் சுண்ணாம்பு. நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, அப்போது நான் கவனிக்கவில்லை: திட்டம் போட்டவர்கள் இரண்டு ஆண்கள்; உட்கார்ந்திருந்த இடம் திண்ணை; பெண்கள் இருவரும் உள்ளே எங்களுக்குத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இடிப்பு வேலையை முதலில் தொடங்குவோம் என்று கொத்தனார் கொல்லைக்குப் போன அன்றுதான் அப்பாயி முழங்கியது. என்னென்னவோ வாதாடிப் பார்த்தேன். தீட்டு என்பது பொய் என்றேன். 'எனக்கு நீ சொல்றியா?' என்றார். தாத்தா இருந்திருந்தால் இடித்திருப்பார் என்றேன். 'நாப்பத்தி நாலு வருஷம் இருந்தாரே, இடிச்சாரா?' என்றார். வாயடைத்துப் போனேன். உள்ளூர எனக்கு ஒரே எரிச்சல். என்னதான் மாலை மாற்றி மணம் செய்துகொண்டாலும், முதுமை வந்ததும் மூடத்தனம் முந்தானையைப் பிடித்துக்கொண்டதே என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் தங்கையிடம் சொல்லவும் செய்தேன். அவள், "அப்பாயி கிட்ட ஏன்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள். நான் கேட்டிருக்கவில்லை. எடுத்துரைத்திருந்தேன், இடித்துரைத்திருந்தேன், கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நண்பகல் கழிந்து, ஏணி எடுக்க அந்த அறைக்குப் போனேன். உள்ளே அப்பாயி பாய் விரித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் வெற்றிலைப் பெட்டி, கையில் பனைவிசிறி. உறங்கவில்லை. ஓட்டுத்துளை வழியாக விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டேன்: "இங்க என்ன இருக்குன்னு இப்படிப் பிடிவாதம் பிடிக்கிற?"

அவர் எழுந்து உட்காரவில்லை. படுத்தபடியே சொன்னார்.

"இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்குப் பதினெட்டு வயசுடா தம்பி. பதினாலு பேர் சாப்பிடற வீடு. நாலு மணிக்கு எந்திரிச்சா, படுக்கறப்ப பதினொண்ணு. உரல்ல குத்தணும், அம்மில அரைக்கணும், கெணத்துல இறைக்கணும். மாசத்துல மூணு நாள் இங்க வந்து படுப்பேன். ஒருத்தர் என்னைக் கூப்பிட மாட்டாங்க. 'அது எங்க, இது எங்க'ன்னு ஒரு சத்தம் வராது. உன் தாத்தாகூட அந்தத் துவைகல்லத் தாண்டி வர மாட்டாரு. சோறு இருக்கற இடத்துக்கு வந்துடும். அந்த மூணு நாளும் நான் தூங்கினேன். இப்பவும் மத்தியானம் இங்க வந்து படுத்தாத்தான் எனக்குக் கண்ணு சொருகும்."

சற்று நேரம் கழித்து, "தீட்டுன்னு சொல்லித்தான் விட்டாங்க. அசதின்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களா?" என்றார்.

தோழர்களே, பட்டம் வாங்க நான் படித்த பாடங்களில் இந்த ஒரு கேள்வி இல்லை. அந்த அறையைக் காத்து நின்றவர் தீட்டைக் காத்து நிற்கவில்லை. தம் நண்பகலைக் காத்து நின்றிருக்கிறார்! இழிவு என்ற போர்வைக்குள் ஒளித்து வைத்துத்தான் ஓய்வு என்ற ஒன்றை இந்த வீடு அவருக்குக் கொடுத்திருக்கிறது. போர்வையை உருவப் புறப்பட்ட நான், உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு உருகிப்போய், 'ஆகா, நம் முன்னோர் பெண்ணுக்கு ஓய்வளிக்கவே இந்த ஏற்பாட்டைச் செய்தனர்' என்று சிலர் பாடத் தொடங்கிவிடுவார்கள். நான் அறிவேன் அந்த ராகத்தை! அப்படிப்பட்டவர்கள் என் தங்கையைக் கேட்க வேண்டும். அன்று மாலை அப்பாயி சொன்னதை அவளிடம் சொன்னபோது, அவள் முகம் மாறவில்லை. "அப்பாயிக்கு அங்க தூக்கம் வந்துச்சு. எனக்குப் பதினொரு ராத்திரியும் வரல. பூரான் வரும்னு விளக்கை அணைக்காம உக்காந்திருந்தேன். நான் என்ன தப்புப் பண்ணினேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். ஒரே அறைதான். ஒருத்திக்கு உறக்கம், ஒருத்திக்கு நடுக்கம். இரண்டையும் கணக்கில் எழுதாமல் அந்த அறையைப் பற்றி எவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இன்னொருவர் கணக்கும் உண்டு. கொத்தனாரோடு வேலைக்கு வந்த சித்தாள் அம்மையார் அப்பாயியோடு பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். "நீ அந்த மூணு நாளும் கல்லு சொமப்பியா?" என்று அப்பாயி கேட்டார். "சொமக்காம? வீட்ல குந்தினா கூலி யாரு தருவா? நடவுலயும் நின்னிருக்கேன், செங்கச் சூளையிலயும் நின்னிருக்கேன். தீட்டெல்லாம் மச்சு வீட்டுக்குத்தான் ஆச்சி" என்றார் அவர். அப்பாயி வெகுநேரம் பேசவில்லை. வீட்டுக்குள் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் தீட்டு. வயலில் நாற்றைத் தொட்டால் தீட்டில்லை. அந்த நெல் அரிசியாகி உள்ளே வரும்போதும் தீட்டில்லை! கூலிக்காரிக்கு ஒதுக்கலும் இல்லை, ஓய்வும் இல்லை. ஓய்வு வேறு, ஒதுக்கல் வேறு என்று பிரித்தறிந்த நாடுகளும் மாநிலங்களும் இல்லாமல் இல்லை. சப்பான் நாட்டின் தொழிலாளர் சட்டம் 1947-லேயே, மாதவிலக்கு நாளில் வேலை செய்ய இயலாத பெண் விடுப்புக் கேட்டால் மறுக்கக் கூடாது என்றது. பீகார் மாநிலம் 1992 முதல் அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு அளிக்கிறது. அங்கே ஓய்வெடுப்பவள் யாருக்கும் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. உரிமை என்று எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்கிறாள்.

மறுநாள் காலை அப்பாயியே என்னைக் கூப்பிட்டார். "இடிச்சுக்க. புள்ள பயந்துகிட்டு உக்காந்திருந்த எடம் எனக்கு வேண்டாம். ஆனா என் மத்தியானத்த எங்க வைக்கப் போற? அதச் சொல்லிட்டு இடி" என்றார்.

அந்தக் கேள்விக்கு என் திட்டத்தில் இடமில்லை. மொத்தத் திட்டத்தையும் மறுபடி போட வேண்டியதாயிற்று. இம்முறை திண்ணையில் அன்று, அடுக்களை வாசற்படியில். 'உனக்கு என்ன வேண்டும்?' என்று இருபத்தாறு ஆண்டில் முதன்முறையாக என் அம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்தார். "எனக்கென்ன வேணும், நீ பாத்துச் செய்" என்றார். மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "காத்து" என்றார்.

எங்கள் அடுக்களையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நாள்தோறும் அங்கிருந்து வந்த சோற்றைத் தின்றவன்தான். ஆயினும் மேலே நிமிர்ந்து அந்த உத்தரத்தைப் பார்த்ததில்லை. அரைநூற்றாண்டு விறகுப் புகை, தாரைப்போல அதில் அப்பிக்கிடந்தது. இருந்த ஒரே சாளரமும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து மூச்சு முட்டி நின்றது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. போர்க்களத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம். அடுக்களையைப் பற்றி நடத்துவதில்லை.

மாற்றத்தை மக்கள் வெறுக்கிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, இந்த அடுக்களையின் வரலாற்றைப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்தபோது, அப்பாயி ஒரு நாள் தயங்கினார். இரண்டாம் நாள் விறகடுப்பை உடைத்துக் கொல்லையில் போட்டார். 2011-ல் அரசு விலையில்லா மின்னரவையும் கலவைக் கருவியும் வழங்கத் தொடங்கி, அவை எங்கள் வீட்டுக்கும் வந்தன. ஆட்டுக்கல்லும் அம்மியும் ஆயிரமாண்டுச் சின்னங்கள் ஆயிற்றே, அவற்றுக்காக எந்த மூதாட்டியாவது கடப்பாரை முன் படுத்தாரா? கைவலி தீர்கிறது என்று கண்டதும், வாழையிலை போட்டு வரவேற்காத குறைதான்! தோளில் இருக்கும் சுமையை இறக்கும் மாற்றத்தை எவரும் தடுப்பதில்லை. கையில் இருக்கும் ஒரே காசையும் கேட்காமல் பிடுங்க வரும்போதுதான் விரல்கள் இறுகுகின்றன. பிடுங்க வருகிறவன் முற்போக்குக்காரனா பிற்போக்குக்காரனா என்று விரல்கள் பார்ப்பதில்லை.

ஐரோப்பாவில் இப்படி அடுக்களையைக் கருத்தூன்றிப் பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிக் கல்லூரி நாளில் படித்திருந்தேன். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர். 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் ஓர் அடுக்களையை வகுத்தார். தொடர்வண்டியில் ஓடும் உணவுப்பெட்டியின் சமையலறையை முன்மாதிரியாகக் கொண்டு, எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது, எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து, எல்லாம் கைக்கு எட்டும்படி அமைத்தார். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அந்த அடுக்களை அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், அதை வகுத்த காலத்தில் தமக்குச் சமைக்கவே தெரியாது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்! சமைக்கத் தெரிந்த நம் வீட்டாண்கள் எத்தனை பேர் அளந்து பார்த்திருக்கிறோம்? நான் ஒரு காலை ஐந்து மணிக்கு எழுந்து, சுவரோரம் உட்கார்ந்து, அம்மாவின் நடையை எண்ணினேன். கொல்லைக் குழாய்க்கும் அடுப்புக்குமாக எட்டு மணிக்குள் நாற்பத்தொரு தடவை. "என்னடா பாக்குற?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். 'எண்ணுகிறேன்' என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த அம்மையாரின் அடுக்களையிலும் ஒரு குறையைப் பின்னர் வந்தவர்கள் கண்டார்கள். ஒருவர் மட்டுமே நிற்கத்தக்க சிறு கூண்டு அது. அங்கே நின்றவள் தனித்துப் போனாள். வேலை எளிதாயிற்றே தவிர, வேலை அவளுடையது என்பது மாறவில்லை. இது என் மனத்தை உறுத்திற்று. ஆகவே, அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே இருந்த சுவரைப் பாதி திறந்துவிடுவது என்று முடிவு செய்தோம். காற்று கூடத்திலிருந்து உள்ளே வரும்; கண்ணும் கூட வரும்.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பிற்று தெரியுமா? அப்பாவிடமிருந்து! கூடத்துக்கு வண்ணம் அடிப்பதைப் பற்றியோ, கொல்லையறையைப் பற்றியோ மூச்சு விடாதவர், "அடுப்பங்கரை தெரியற மாதிரி ஒரு வீடா? நாலு பேர் வந்து போற இடம்" என்று கொதித்தார். நாலு பேர் வந்தால் தெரியப்போவது என்ன? அம்மா வேலை செய்வது தெரியும். வேறென்ன தெரியும்? நாம் உட்கார்ந்திருப்பதும் தெரியும்! அப்பா இதை ஒத்துக்கொள்ளவில்லை. தாளிப்பு நெடி வரும் என்றார். மின்விசிறி பொருத்தலாம் என்றேன். செலவு என்றார். தளக்கற்கள் வேண்டாம், சிவப்புத் தரை அப்படியே இருக்கட்டும், அந்தப் பணம் போதும் என்றேன். அதற்குமேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

என் நிலையைச் சொல்லவேண்டாமா? கூடத்துச் சுவரைச் சுரண்டியபோது, சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிர்ந்தது. நீலம், வெளிர்பச்சை, ரோசா, மீண்டும் நீலம். பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பூச்சு அது. சாய்வு நாற்காலிக்கு மேலே, ஒரு பச்சைப் பூச்சுக்கு அடியில், பென்சிலில் எழுதிய எண்கள் தெரிந்தன. தாத்தாவின் கையெழுத்து. ஏதோ ஓர் அறுவடையின் நெற்கணக்கு; கலமும் மரக்காலும். வண்ணக்காரர் சுரண்டியை அதன்மேல் வைத்தார். "தொடாதே!" என்று நான் கத்தினேன். கொல்லையில் அப்பாயி முழங்கிய அதே குரல்! வண்ணக்காரர் திடுக்கிட்டுப் போனார். அம்மா எட்டிப் பார்த்தார். தங்கை சிரித்தே விட்டாள். நெற்கணக்கும் ஒதுக்கறையும் ஒன்றாகுமா என்று நானே எனக்கு வாதாடிக்கொண்டேன். ஒன்றாகாது, பென்சில் கோடு எவரையும் பதினொரு இரவு விழிக்கவைக்கவில்லை. ஆயினும் கத்தியபோது நான் வாதம் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. வயிற்றிலிருந்து வந்த குரல் அது. இன்று அந்தக் கையகலச் சுவர் மட்டும் பூசப்படாமல் இருக்கிறது. பார்க்க அழகாக இல்லை.

கொல்லையறை ஒரே நாளில் போயிற்று. உள்ளே சுண்ணமும் செம்மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். சித்தாள் அம்மையாரே முதற்கல்லைத் தள்ளினார். தங்கை கல்லூரிக்குப் போகாமல் நின்று பார்த்தாள். நல்ல செங்கற்களைப் பொறுக்கி அடுக்கி, அடுக்களைக்குள்ளேயே குழாயும் தொட்டியும் அமைக்க ஒரு மேடை கட்டினோம். அந்த நாற்பத்தொரு நடை இப்போது எவ்வளவு என்று நான் எண்ணவில்லை. கதவு பலாப்பலகை, ஆசாரி அதை அறுத்து நூலடுக்குக்குப் பலகையாக்கினார். புதிய வாசற்கதவுக்குப் பணம் எஞ்சவில்லை. பழைய கதவு மழைக்கு உப்பிக்கொண்டு, இன்னும் தோள் கொடுத்தால்தான் திறக்கிறது.

அப்பாயியின் நண்பகலுக்குக் கூடத்தின் கீழைச் சாளரத்தோரம் இடம் ஒதுக்கினோம். கயிற்றுக் கட்டில், வெற்றிலைப் பெட்டிக்கு ஒரு மாடம், இழுத்துவிட ஒரு திரை. இரண்டிலிருந்து நான்கு வரை அவரை மட்டுமன்று, அம்மாவையும் எவரும் எதற்கும் கூப்பிடக் கூடாது என்பது ஏற்பாடு. எழுதி ஒட்டலாமா என்றேன்; "இது பள்ளிக்கூடமா?" என்று அப்பாயி மறுத்துவிட்டார். முதல் வாரம் அவருக்கு உறக்கம் வரவில்லை. வெளிச்சம் அதிகம் என்றார், தெருச் சத்தம் என்றார், இருட்டும் குளிர்ச்சியும் இருந்த அந்த இடம் போல் ஆகுமா என்றார். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, திரைக்குப் பின்னாலிருந்து குறட்டை கேட்டது. அம்மா இன்னும் பழகவில்லை. இரண்டு மணிக்குப் படுக்கிறார். இரண்டரைக்கு எழுந்து, ஏதோ திருடியவர் போல ஓசைப்படாமல் பாத்திரம் துலக்குகிறார். மாதத்தின் அந்த மூன்று நாளில் எங்கே இருப்பது என்ற தடுமாற்றம் பக்கத்து வீட்டாருக்குத்தான். அம்மாவும் தங்கையும் கூடத்தில்தான் இருக்கிறார்கள். 'எல்லாம் கலந்து போச்சு' என்று தெருவில் ஒருத்தி சொன்னாளாம். அப்பாயி திண்ணையிலிருந்தபடியே அவளுக்குச் சொன்ன மறுமொழியை இந்த ஏட்டில் அச்சிட இயலாது.

நண்பகலுக்குப் பின் தேநீர் யார் வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. நான்கு மணிக்கு அப்பாவுக்குத் தேநீர் இல்லாமல் இயலாது. நான்கு வரை கூப்பிடவும் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, திறந்த சுவரின் வழியே அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றரைக்கு எழுந்தார். பால் எங்கே, தூள் எங்கே என்று கேட்க வாய் திறந்து, திரையைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். அரைமணி நேரம் ஆயிற்று. ஐந்து டம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கூடத்தின் நடுவே வைத்தார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சக்கரை கூட" என்றார் அப்பாயி.